மீனின் பாவம் யார் கணக்கில்?

புரட்டாசி பிறந்தால் என் மாமாவின் வியாபாரம் படுத்துவிடும். ஜொகூரின் யோங் பெங்கில் நம்மவர்கள் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். சீனரும் மலாய்க்காரரும் வாங்குவார்கள்தான். ஆனால் மாமா கொண்டுவருவது வவ்வாலோ வஞ்சிரமோ அல்ல. பெக்கோ ஆற்றிலும் சிம்பாங் கிரியிலும் செம்பனைக் காட்டுப் பாரிட்டு வாய்க்கால்களிலும் அகப்படுகிற ஹருவான், கெலி, செப்பாட், புயு. ஊர்ப் பெயரில் சொன்னால் விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை வகையறா. லயத்தில் இருந்த காலத்தில் எங்களுக்கு மீன் என்றாலே இவைதான். தாமான் வீடும் ஐஸ் பெட்டியும் வந்தபிறகு ‘சேத்து மீன்’ என்று முகம் சுளித்துக்கொண்டே வாங்கப் பழகிக்கொண்டோம். ஆப்பரேஷனோ பிரசவமோ ஆனால் மட்டும், புண் சீக்கிரம் ஆறும் என்று ஹருவான் தேடி மூன்று இனத்தாரும் மாமா வீட்டு வாசலுக்கு வருவார்கள்.

ஒரு புரட்டாசிச் சனியன்று பஜனை முடிந்து பிரசாதம் வாங்கும்போது ஒருவர் மாமாவிடம் கேட்டார்: “இந்த ஒரு மாசமாச்சும் அந்தப் பாவத்த விட்டுட்டு இருக்கலாமேண்ணே?” மாமா புளியோதரையை மென்றபடியே, “புடிக்கிறது நானு, திங்கிறது நீங்க. எப்படிப் பங்கு போடுறதுன்னு சொல்லுங்க, என் பங்க எடுத்துக்கிறேன்” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு மாதம் தின்றுவிட்டு ஒரு மாதம் வாயைக் கட்டுகிறவள் நான். அந்தப் பங்கில் என் பெயரும் இருக்கிறது.

வள்ளுவரிடம் போனால் தப்ப வழியில்லை. புலால் மறுத்தலில், 256ஆம் குறளில், அவர் பிடித்துக்கொள்வது தின்கிறவர்களை. தின்பதற்கு ஆள் இல்லையென்றால் விற்பதற்கு யார் வருவார் என்கிறார். அதற்காகக் கொல்கிறவனை விட்டுவிட்டார் என்று மாமா மகிழ வேண்டாம். கொல்லாமை அதிகாரத்தில் அவனுக்கும் கிடைக்கிறது.

சேக்கிழார் வேறு ஒருவரைக் காட்டுகிறார். அறுபத்துமூவரில் ஒருவரான அதிபத்தர் நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் மீனவர் தலைவர். பிடித்த மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் நியமம். வலையில் ஒரே ஒரு மீன் விழும் காலம் வந்தது. அந்த ஒன்றையும் விட்டார். சுற்றம் பசியில் வாடியது, அவரும் மெலிந்தார். பிறகு பொன்னும் மணியுமாக ஒரு மீன் வந்தது, அதையும் விட்டார். இன்றும் ஆவணி ஆயில்யத்தன்று நாகை நீலாயதாட்சி அம்மன் கோயில் விழாவில் பொன் மீனைக் கடலில் விடுகிறார்கள்.

எல்லோரும் அந்தப் பொன் மீனைத்தான் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முந்தைய சாதாரண மீன்கள். பொன்னைக் கண்டால் யாருக்கும் ஒரு வீறாப்பு வரும், தூக்கி எறிந்துவிடலாம். வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கெளுத்தியை விடுவதுதான் கடினம். இன்னொன்று, வலையைக் கீழே போடு என்று சிவன் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்க அவருக்கு வாயும் இல்லை. திருவிளையாடலில் வலைஞராக வந்து கடலில் வலை வீசியவரே அவர்தானே.

இதைச் சாக்காக வைத்துத் தட்டை நிரப்பிக்கொள்ளவும் எனக்குக் கூசுகிறது. கெலி சாவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீரை விட்டு எடுத்தாலும் அது மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்டையில் ஓங்கி ஒரே அடி. தயங்கினால் இரண்டாவது அடி வேண்டிவரும். அது முதல் அடியைவிடப் பெரிய பாவம் என்பது என் அம்மாவின் சாத்திரம். செவுளுக்குப் பக்கத்து முள் குத்தினால் கை வீங்கும். சாம்பல் பூசித் தேய்த்து வழவழப்பை எடுத்து, உப்பும் புளியும் போட்டு மூன்று தண்ணீரில் அலசினால்தான் சேற்று வாடை போகும். அம்மா கெட்டிப் புளியில் கத்தரிக்காய் போட்டு, வெந்தயம் தாளித்துக் குழம்பு வைப்பார். நான் ஜொகூர்க்காரி, பக்கத்து வீட்டு மலாய் அக்காவிடம் அசாம் பெடாஸ் கற்றபின் என் சட்டியில் கெசும் இலையும் வெண்டைக்காயும் சேர்ந்துவிட்டன. மறுநாள் இன்னும் ருசிக்கும். அந்த ருசிக்கு முன்னால் ஓர் அடி விழுந்திருக்கிறது என்பதைச் சாம்பல் தேய்த்த கை மறக்காது. துண்டு போட்டு, பையில் கட்டி வாங்கி வருகிற கைக்கு அது தெரியவே தெரியாது.

மகாபாரத வனபர்வத்தில் மிதிலையில் இறைச்சி விற்கும் ஒருவர், தவச் செருக்கோடு வந்த கௌசிகனுக்கு அறம் சொல்கிறார். ஏர் ஓட்டினால் மண்ணுக்குள் எத்தனை உயிர் சாகிறது, நடந்தால் காலடியில் எத்தனை என்று கேட்கிறார். முதலில் இது எனக்கு வியாபாரியின் சாமர்த்தியமாகத்தான் பட்டது. ஆனால் அப்போது நான் செம்பனை ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலைக் கழிவுநீர் பழுப்பாக, சூடாக, எண்ணெய் மிதக்க வரும். சுத்திகரிக்காத நிலையில் அதன் பி.ஓ.டி., அதாவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். அந்த அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பதற்குள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை எல்லாம் உறிஞ்சிவிடும். மீனுக்கு மூச்சு இருக்காது. 1977இல் வந்த விதிகள் இந்த அளவை 1978இல் 5,000 என்று தொடங்கி, 1984இல் 100க்குக் கொண்டுவரச் சொல்லின. குளம் குளமாக வெட்டி, வாரக்கணக்கில் தேக்கி வைத்து இறக்குவார்கள். பெருமழையில் குளம் வழிந்தால் விதி என்ன செய்யும்?

அப்படி ஒரு மழைக்குப் பிறகு, ஓர் ஆலைக்குக் கீழே, பாரிட்டில் லம்பாமும் பாவுங்கும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்ததைப் பார்த்தேன். மேலே வந்து காற்றை விழுங்கத் தெரிந்த ஹருவான், புயு, கெலிதான் பிழைத்துக் கிடந்தன. அது புரட்டாசி. அன்றிரவு எங்கள் வீட்டில் வாழைக்காய் வறுவல். சட்டியில் காய்ந்தது செம்பனை எண்ணெய்.

பாவத்தைக் கழிக்க இங்கே இன்னொரு வழியும் உண்டு. வேசாக்கை ஒட்டி உயிருள்ள மீனை வாங்கி ஆற்றில் விடுவது சீனப் பௌத்தர்கள் சிலரின் வழக்கம்; பரிகாரம் என்று நம்மவர்களும் இப்போது தொட்டுக்கொண்டார்கள். மலிவாகக் கிடைப்பது ஆப்பிரிக்கக் கெலி. 1980களில் பண்ணைக்கென்று இந்நாட்டுக்கு வந்தது. ஆற்றில் விட்டால் இங்குள்ள மீன்களின் முட்டையையும் குஞ்சையும் விழுங்கிக் கொழுக்கும். விடுவதில் மட்டும் இவர்கள் அதிபத்தர் மாதிரி. அவர் விட்டபோது அவர் வீட்டில் பட்டினி. இவர்களுக்குச் சில ரிங்கிட் செலவு, அதற்கு ஒரு போட்டோ.

அதிபத்தரின் நியமத்துக்குக் கிட்டத்தில் நான் பார்த்தது மாமாவிடம்தான், அவர் பெரிய புராணம் படித்தவர் இல்லை. ஹருவான் குஞ்சுகள் செம்பட்டைத் திட்டாக மேலே வந்து மூச்சு வாங்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் ஆத்திரத்தில் பாய்ந்து கவ்வும். தூண்டில்காரருக்கு அதைவிட லேசான வேட்டை கிடையாது. மாமா அங்கே தூண்டிலைச் சுற்றி வைத்துவிடுவார். இரக்கமா என்று கேட்டேன்.

“இரக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல, பாப்பா. பெத்ததத் தூக்கிட்டா குஞ்செல்லாம் போயிடும். அடுத்த வருசம் நான் எத விக்கிறது?”

பேட்டரி வைத்து ஆற்றில் கரண்ட் விடுகிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்குக் கெட்ட வார்த்தை வரும். மின்சாரம், வெடி, நஞ்சு மூன்றையும் 1985ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டம் தடுக்கிறது என்றேன். சட்டம் ராத்திரியில் ஆற்றுக்கு வருமா என்று கேட்டார்.

மாமா கேட்ட பங்கை இப்போது என்னால் போட முடியும். மண்டையில் விழுந்த அடி ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும், அது அவருடையது. தின்ற அளவுக்கு என்னுடையதும். பாரிட்டில் மிதந்தவற்றில் அவருக்குப் பங்கே இல்லை. அவை என் சம்பளத்திலும் என் வறுவலிலும் இருக்கின்றன, புரட்டாசி உட்பட.

ஒன்று மட்டும் இந்தக் கணக்கில் அடங்க மறுக்கிறது. ஹருவானுக்குத் தூண்டிலைச் சுற்றி வைக்கிற மாமா, ஆப்பிரிக்கக் கெலி சினையாக இருந்தாலும் விடமாட்டார். வயிற்றைக் கீறிச் சினையை எடுத்து, மஞ்சளும் மிளகாய்த் தூளும் பிசறி வறுக்கக் கொடுத்துவிடுவார்.

“அதுவும் தாய்தானே மாமா?”

“தாய்தான். இந்த ஆத்துத் தாயி இல்ல.”

“நாமளும் கப்பல்ல வந்தவங்கதானே?”

கத்தியைக் கழுவிக்கொண்டே, “நாம யாரு முட்டையையும் முழுங்கலியே” என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தச் செம்பனைக் காடு எதை விழுங்கி நிற்கிறது, அதில் நம் தாத்தாக்களின் கை எவ்வளவு என்று ஆரம்பித்தேன். சினை கருகுகிறது, அப்புறம் பேசுங்கள் என்று அத்தை உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.