சொன்னது, கண்டது

விடுதிப் பள்ளியின் நோயறைப் பதிவேட்டில் புதிய பக்கம். தேதி எழுதுகிறேன். கோடுகள் நேற்றே போட்டவை. நேரம், பெயர், வகுப்பு, சொன்னது, கண்டது, கொடுத்தது, அனுப்பிய இடம், கையெழுத்து.

வெளியே பனி இன்னும் விலகவில்லை.

*

வாசலில் ஒரு சின்னப் பையன். உள்ளே வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கடிகாரத்தைப் பார்க்கிறேன். 8.52. உள்ளே வந்து உட்காரச் சற்று நேரமாகிறது. வாசலுக்கு வந்த நேரத்தையே எழுதுகிறேன்.

*

"வயித்துக்குள்ள ஏதோ ஓடுது சிஸ்டர்."

வயிற்று வலி என்று எழுதினால் இடம் மிச்சம். ஆனால் ஓடுவது அதில் இல்லை. அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

கண்டது: வெப்பம் 98.4. வயிறு மெத்தென்று இருக்கிறது. அழுத்தினால் முகம் சுளிக்கவில்லை. உதடு காய்ந்திருக்கிறது. காலையில் சாப்பிடவில்லை.

பொய் என்று எழுத இங்கே பத்தி கிடையாது. நல்லது.

*

பழைய பக்கங்களைப் புரட்டுகிறேன். திங்கட்கிழமைகளில் வயிற்று வலி கூடுதல். விடுமுறை முடிந்து திரும்பிய வாரத்தில் தலைவலி.

ஒரே பெயர் வியாழன்தோறும். மூன்றாவது பீரியட். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

வகுப்பு டீச்சரிடம் கேட்க வேண்டும்.

*

மருந்துக்கு வேறு தாள். பிள்ளைக்கு ஒன்று. மேலே புகைப்படம், எடை, ஒவ்வாமை, டாக்டர் எழுதியது, பெற்றோர் கையெழுத்து. கீழே மாதத்தின் கட்டங்கள்.

சரியான பிள்ளை. சரியான மருந்து. சரியான அளவு. சரியான வழி. சரியான நேரம். படிக்கிற காலத்தில் மனப்பாடம் செய்தது, இப்போது தானாக வருகிறது. தானாக வரும்போதுதான் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏழாம் வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர். இனிஷியலோடு சொல்லச் சொல்கிறேன்.

*

மதிய மாத்திரைக்கு வந்தவள் தண்ணீர் குடிக்கிறாள். தொண்டை அசைகிறது. நாக்கைத் தூக்கிக் காட்டுகிறாள். அதற்குப் பிறகே கையெழுத்து.

தாளில் அச்சாகியிருப்பது 12.30. கையும் 12.30 என்றே எழுதப் போகிறது. மணி 12.35. அந்த ஐந்து நிமிடம் மாடிப்படியில் இருந்தது. கூட வந்த தோழியோடு பேசிக்கொண்டு இறங்கியிருக்கிறாள்.

12.35.

*

அடுத்து ஒரு பையன். மெதில்ஃபெனிடேட். சாதாரண வகை, சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். காலையில் போட்டது நண்பகலில் விலகிவிடுகிறது. நாள் முழுக்க நிற்கும் வகை வந்த பிறகு மதியத்தில் இதற்காக வருபவர்கள் குறைவு. இவன் வருகிறான்.

பூட்டிய அலமாரி. எடுக்கும் முன் எண்ணுகிறேன். எடுத்த பின் எண்ணுகிறேன். மீதியை எழுதுகிறேன். சாவி உள்ளங்கையில் குளிர்கிறது.

*

கொடுக்காத வேளைக்கும் கட்டம் காலியாக இருக்கலாகாது. வரவில்லை. மறுத்தான். வாந்தி. மருந்து தீர்ந்தது, வீட்டுக்குச் சொல்லியாயிற்று.

இன்று ஒரு 'மறுத்தான்'. ஏன் என்று கேட்கிறேன். தோளைக் குலுக்குகிறான். அதையும் எழுதுகிறேன்.

எழுத்து பிழையானால் அதன்மேல் ஒற்றைக் கோடு. அடியில் இருப்பது தெரிய வேண்டும். வெள்ளை மை இந்த அறையில் இல்லை.

*

எழுதும்போது நினைவுக்கு வருகிறது: 1902 அக்டோபர். நியூயார்க். லீனா ராஜர்ஸ் என்ற செவிலியர் பள்ளிகளுக்குள் நடக்கிறார். நான்கு பள்ளிகள். அனுப்பியவர் லில்லியன் வால்ட். கண்நோய், படர்தாமரை, பேன் என்று பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பிவிடும் காலம். இவர் பள்ளியிலேயே மருந்து போடுகிறார், வீடு தேடியும் போகிறார்.

1902 செப்டம்பரில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 10,567. மறு செப்டம்பரில் 1,101.

ஒன்று ஒன்றாக யாரோ எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஒன்றிலும் ஒரு தலை, சீப்பு, அழுகை.

*

குடற்புழு நீக்க நாளின் தாள்களை அடுக்குகிறேன். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று விழுங்க. வாங்கிக்கொண்டவர் பெயருக்கு நேரே ஒரு டிக். அன்று வராமல் பிறகு வாங்கிக்கொண்டவருக்கு இரண்டு டிக். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு அன்று இல்லை.

வகுப்பு முழுக்க மெல்லும் சத்தம் இன்னும் காதில்.

*

ஓடி வரும் காலடிகள். "சிஸ்டர், விழுந்துட்டா."

2.17. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறேன்.

தரையில் வலிப்பில் இருக்கிறாள். ஒருக்களிக்க வைக்கிறேன். டையைத் தளர்த்துகிறேன். தலைக்கடியில் என் ஸ்வெட்டர். யாரோ சாவிக்கொத்தை நீட்டுகிறார், கையில் இரும்பு வைக்கச் சொல்லி. வேண்டாம் என்று தலையசைக்கிறேன். வாயிலும் எதையும் வைப்பதில்லை.

ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் மிடசோலம், 108க்கு அழைப்பு. ஸ்ப்ரே மடியில் இருக்கிறது.

2.18.

2.19. நிமிடம் இவ்வளவு அகலம்.

வலது கை முதலில் ஓய்கிறது. பிறகு தாடை. 2.20. நீளமாக ஒரு மூச்சு. இன்னொன்று.

அவள் தூங்குகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தொடங்கியது 2.16, பார்த்த பிள்ளை சொன்னபடி. கண்கள் இடப்பக்கம் திரும்பியிருந்தன. பாவாடை நனைந்தது, மாற்றியாயிற்று. நின்றது 2.20. அம்மாவுக்குச் சொன்னது 2.31. டாக்டருக்கு 2.34.

விழிக்கிறாள். கூரையைப் பார்க்கிறாள்.

"எல்லாரும் பாத்தாங்களா?"

சொன்னது என்ற பத்தியில் இடம் இருக்கிறது. எழுதுகிறேன்.

*

குறை எதுவும் சொல்லாமல் ஒருத்தி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். ஒன்றுமில்லை என்று எழுதுகிறேன். கொடுத்தது: வெந்நீர். வந்தது 3.20, போனது 3.50.

இடைப்பட்ட அரைமணியில் கெட்டிலின் சத்தம். அவள் மூச்சு. என் மூச்சு.

*

பாரசிட்டமால். கிலோவுக்கு 15 மில்லிகிராம். வேளைக்கும் வேளைக்கும் நான்கிலிருந்து ஆறு மணி நேரம். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் இல்லை.

எளிய மருந்து, எல்லார் வீட்டிலும் இருப்பது. மிகுந்தால் கல்லீரலைத் தாக்கும். உடனே வெளியே தெரியாது. மாலையில் கொடுத்த நேரம் எழுதாமல் விட்டால், ராத்திரி முனகும் பிள்ளையின் பக்கத்தில் வார்டன் நெற்றியில் கை வைத்தபடி நிற்பார். கொடுக்கலாமா, கூடாதா. தெரிந்துகொள்ள வழி இருக்காது.

அந்த நிற்றலை நினைத்துக்கொண்டு மூன்று இலக்கங்களை எழுதுகிறேன்.

*

இரவுக்கு:

ஐந்தாம் வகுப்பு, ஜன்னலோரக் கட்டில். 30 கிலோ. மாலை 6.10க்கு 102 டிகிரி. சிரப், 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளது, 9 மில்லி கொடுத்திருக்கிறது. 7.15க்கு 100.2. கஞ்சி அரை டம்ளர். தேவையானால் அடுத்த வேளை 12.10க்குப் பிறகு. வீட்டு நினைப்பில் இருக்கிறான், விளக்கை அணைக்க வேண்டாம். தண்ணீர் அடிக்கடி. 10 மணிக்கு மறுபடி வெப்பம் பார்த்து, பார்த்த நேரத்தை எழுதவும்.