வெள்ளை ஸ்டிக்கர்

மனைவியின் பிங்க் புத்தகத்தில் வெள்ளை ஸ்டிக்கர். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. மஞ்சளும் பச்சையும் டாக்டர் கவனிப்பு. வெள்ளை என்றால் மிஸ்ஸியே போதும். பிரசவ மையமா வீடா என்ற பேச்சு வெள்ளைக்கு மட்டும்தான்.

இரண்டாம் பிள்ளை. "வீட்டுலயே பெத்துக்கறேன். உங்க பாட்டி பெத்துக்கலையா?" என்றாள்.

பாட்டி ரந்தாவ் பக்கம் தோட்டத்து லயத்தில் ஆறு பெற்றவர். நாங்கள் அறிந்தது ஐந்து பேரைத்தான். கேட்டால், "ஆஸ்பத்திரிக்குப் போவ லாரி வேணும், லாரிக்குக் கிராணி சொல்லணும்யா" என்கிறார். வழியில்லாமல் செய்ததைத்தான் நாம் இப்போது மரபு என்று புகழ்கிறோம்.

ஆனால் இவள் பாட்டி இல்லை, தெரிந்தே கேட்கிறாள். போன முறை வார்டில் தனியாகக் கிடந்தது அவள், நான் வெளியே நாற்காலியில். எனக்கு எஞ்சினியர் புத்தி. வெள்ளை என்பது இதுவரை பழுது தெரியவில்லை என்பது மட்டுமே. பிள்ளை பிறந்தபின் வரும் ரத்தப்போக்கு நிறம் பார்த்து வராது. ரந்தாவிலிருந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கு, மழை இரவில், எத்தனை நிமிடம்? உடம்பு அவளுடையது, அந்த நிமிடங்களில் பிள்ளைக்கும் பங்குண்டு. அவள் இல்லாமல் போனால் மிச்சத்தை வாழப்போவது நான். அதற்காக எனக்கு ஓட்டு உண்டா?

"மிஸ்ஸிகிட்ட அந்தக் கணக்க நீங்க கேக்காதீங்க," என்றாள். "நான் கேக்கறேன்."