வாயில் கடந்தவனின் நோய்

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் அமைச்சராயிருந்த அலீ இப்னு ஈஸா, தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்துக்கு ஒரு மடல் விடுத்தார். நெருக்கத்திலும் இடரிலும் வாழும் சிறையாளரை நோய் பற்றாதிராது; மருத்துவரைத் தேடிச் செல்லவோ அவர்களுக்கு வழியில்லை; ஆதலின் மருத்துவர் நாள்தோறும் மருந்துடன் அங்கே செல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. ஏழையோடும் அநாதையோடும் கைதியையும் சேர்த்து உணவளிப்போரைத் திருமறை (76:8) புகழ்கின்றது. அதனை ஓதிய சமுதாயத்தில் இம்மடல் எழுந்ததில் வியப்பில்லை. நம் வினா வேறு. கதவு திறந்து அவன் வெளியே வந்தபின் அக்கடமை யாரைச் சாரும்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1999 முதல் 2003 வரை விடுதலையான முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. முதல் இரு வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, அம்மாநிலத்தின் பிற மக்களைவிட 12.7 மடங்கு! முதற்காரணம் போதைமருந்து, சிறையில் பழக்கம் விட்ட உடல் பழைய அளவைத் தாங்குவதில்லை. இதய நோயாலும் தற்கொலையாலும் மாண்டோரும் உளர்.

கைதியின் கடும் நோயை வேண்டுமென்றே புறக்கணித்தல் அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை பெரும்பாலும் கதவோடு நின்றுவிடுகின்றது. வறியோர்க்கான மெடிக்கெய்ட் திட்டமோ 1965இல் தோன்றிய நாள் முதலே சிறையிலிருப்போரை விலக்கி வைத்தது. வெளிவந்தவன் விண்ணப்பித்துக் காத்திருக்க, கையிலுள்ள மாத்திரை தீர்ந்துவிடும். விடுதலைக்கு முந்திய 90 நாள்களிலேயே சில உதவிகளைத் தொடங்க, 2023இல் கலிஃபோர்னியா மைய அரசின் ஒப்புதலைப் பெற்றது. ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் 2006இல் தோன்றிய மருத்துவ நிலையம் ஒன்று, சிறை கண்டு மீண்டவர்களையே ஊழியராக அமர்த்தி, வெளிவருவோரை மருத்துவரிடம் சேர்ப்பிக்கின்றது. நல்ல ஏற்பாடு.

குற்றவாளிக்கு ஏன் இத்துணைப் பரிவு என்பார் உளர். தண்டனையை நீதிபதி வரையறுத்துவிட்டார். சர்க்கரை நோய்க்கு மருந்தின்றித் தவித்தல் அத்தீர்ப்பில் எழுதப்படவில்லையே! ஸகாத்துக்குரிய எட்டு வகையினருள் வழிப்போக்கனும் ஒருவன். ஊரில் செல்வமுடையவனாயினும் வழியில் கையற்று நின்றால் அவனுக்குப் பங்குண்டு என்பர் ஃபிக்ஹு அறிஞர்கள். சிறைக்கும் வீட்டுக்கும் இடையே மருந்தின்றி நிற்பவனும் அத்தகையவனே என நமக்குத் தோன்றுகின்றது. இதனை ஃபத்வாவாகக் கூறவில்லை, ஆலிம்கள் ஆராயட்டும்.