சீதை குகையும் காஞ்சித் திணையும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் உப்பளங்களை நோக்கிச் செல்லும் வழியில் நிற்கும் பெருமுக்கல் மலைக்கோட்டை, 18ஆம் நூற்றாண்டுப் போர்களில் பலமுறை கைமாறியது. 1760இல் அயர் கூட்டின் ஆங்கிலப் படை அதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பறித்தது, 1782இல் ஐதர் அலியின் துணையோடு பிரெஞ்சுக்காரர்கள் அதை மீட்டனர். ஆனால் மலையைப் பற்றி வழிவழியாக வரும் கதையில் இந்தத் தளபதிகள் எவருக்கும் இடமில்லை. அங்குள்ள குகையைச் சீதை குகை என்றும், இலங்கைப் போர் முடிந்து அயோத்தி திரும்பியபின் காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதை, வால்மீகியின் ஆதரவில் லவனையும் குசனையும் வளர்த்த இடம் அதுவே என்றும் சொல்கிறார்கள். அதற்கு வரலாற்று ஆதாரம் தேடுவதில் பயனில்லை. அறத்துக்காகவே நடந்த போராயினும், எவருக்காக அது நடந்ததோ அவளுக்கே அது நீதி செய்ததா என்பதுதான் அக்கதை எழுப்பும் கேள்வி.

தமிழ்க் கவிதை இக்கேள்வியை முன்பே அறிந்திருந்தது. புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய கிழவி, மகன் புறமுதுகிட்டான் என்று கேள்விப்பட்டு, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறாள். சிதைந்து கிடந்த அவன் உடலைக் கண்டதும், அவனைப் பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்கிறாள். இந்த மகிழ்ச்சியை வீரம் என்று மட்டும் படிப்பவர், பிணங்களைப் புரட்டிய கைகளைப் பார்க்கத் தவறுகிறார். தொல்காப்பியர் தவறவில்லை. கோட்டையை முற்றுகையிடும் உழிஞை, எதிரெதிர் நின்று பொரும் தும்பை ஆகியவற்றை வகுத்த அதே புறத்திணையியலில், நிலையாமையைக் கூறும் காஞ்சித் திணையையும் வைத்து, கணவனை இழந்தவள் நோன்பிருக்கும் தாபத நிலையை அதன் துறைகளுள் ஒன்றாக்கினார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையோ காஞ்சியைத் தன் நாட்டைக் காக்கும் மன்னனின் போராக மாற்றி, நிலையாமையைப் பொதுவியல் என்ற தனிப் பகுதிக்கு ஒதுக்கியது. போரிலக்கணத்தின் நடுவிலிருந்து இழப்பை வெளியேற்றிய இம்மாற்றம் தமிழ்ச் சிந்தனைக்கு நேர்ந்த பெரிய நட்டம்.

கம்பரின் காப்பியமும் முடிசூட்டு விழாவோடு நின்றுவிடுகிறது. அதன்பின் சீதைக்கு நேர்ந்ததைச் சொல்லும் தமிழ் உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்குகிறது. அந்தப் பிற்பகுதியை, ஏடு படிக்காதவர்களிடமும் கொண்டு சேர்த்தது திரைப்படம்: 1963இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த 'லவகுசா'வில் அஞ்சலிதேவியின் முகத்தைப் பார்த்து அழுதவர்களுக்கு, வெற்றிக்குப் பிறகும் ஒரு கதை உண்டு என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இலங்கை உள்நாட்டுப் போரைப் பின்னணியாகக் கொண்ட மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படமும் அதே தொடர்ச்சியில் வைத்துப் பார்க்கத்தக்கது. போரின் காட்சிகளில் அது வேகத்துக்கும் அழகுக்கும் அளவுக்கு மீறி இடம் தருகிறது; குண்டு வெடிப்பதை ரசிக்கும்படி காட்டினால் பார்ப்பவரின் அறவுணர்வு மழுங்குமே என்ற அச்சம் நியாயமானது. ஆயினும் தன்னை ஏன் விட்டுவிட்டாய் என்று, போராளி இயக்கத்தில் இருக்கும் பெற்ற தாயிடம் சிறுமி கேட்கும் இடத்தில், இயக்கத்தின் இலட்சியத்தைக் கொண்டும் அரசின் நியாயத்தைக் கொண்டும் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதைப் படம் மறைக்கவில்லை. தாய் மகளோடு வருவதில்லை. படம் வெளியான 2002 பிப்ரவரியிலேயே இலங்கையில் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டத்தில், அதே கேள்வியைப் பிள்ளைகளுக்குப் பதிலாகத் தாய்மார் கேட்டனர்.