அழுகத் தெரிந்த வலை

ஒரு பொருள் எவ்வளவு நாள் உழைக்கிறதோ அவ்வளவு நல்ல பொருள். பாத்திரம், செருப்பு, சைக்கிள் எல்லாவற்றுக்கும் நம் வீடுகளில் இதுதான் அளவுகோல். மீன்வலையிடம் வரும்போது இந்த அளவுகோல் குழம்பிப்போகிறது. கையில் இருக்கும்வரை வலை உறுதியாக இருக்க வேண்டும். கை நழுவித் தொலைந்த பிறகு அந்த உறுதியே கொல்லத் தொடங்குகிறது.

உக்கடம் பெரியகுளத்தில் பரிசலில் போய் விரிக்கும் நரம்பு வலை நைலான். முள்ளில் மாட்டி அறுந்த துண்டு தண்ணீருக்குள் அப்படியே கிடக்கும். ஜிலேபி மாட்டும், சாகும். அதைத் தின்ன வரும் இன்னொன்றும் மாட்டும். முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கும் அதே கதிதான். எடுக்க ஆளில்லாமல் வலை தானாகப் பிடித்துக்கொண்டே இருப்பதைப் பேய் மீன்பிடிப்பு என்கிறார்கள்.

கடலில் செயற்கை வலையை வேண்டுமென்றே வீசுவதை மார்போல் ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு 1988 இறுதியிலிருந்து தடை செய்கிறது. போதிய கவனம் எடுத்தும் தவறித் தொலைந்துவிட்டால் குற்றமில்லை. நியாயம்தான், பிழைப்புக்கான வலையை யாரும் ஆசைப்பட்டுத் தொலைப்பதில்லை. ஆனால் குற்றவாளி இல்லாமலேயே சாவு நடந்துகொண்டிருக்கிறதே, அதை யார் கணக்கில் எழுதுவது?

பொருளையே மாற்றிவிடலாம் என்பது ஒரு பதில். காகிதத்தைக் கீற்றாக வெட்டி முறுக்கினால் நூல். கேட்கச் சிரிப்பு வரும், ஆனால் ஜப்பானில் வாஷி காகித நூலில் துணி நெய்வது பழைய வழக்கம். முதல் உலகப் போரில் பருத்தி கிடைக்காத ஜெர்மனி காகித நூலில் சாக்கு நெய்தது. சிக்கல் தண்ணீரில்தான். காகித நார்களைச் சேர்த்துப் பிடித்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். நடுவில் நீர் புகுந்தால் பிடி விட்டுப்போகும். மெழுகோ பிசினோ பூசலாம். பூச்சு கூடக் கூட அழுகும் குணம் குறையும். அப்புறம் எதற்குக் காகிதம்?

கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "பேப்பர்ல வலையா கண்ணு? எங்கய்யன் காலத்துல நூல் வலைதான். தெனமும் அலசிக் காயப்போடோணும், பட்டைச் சாத்துல ஊறப்போடோணும். இல்லீன்னா இத்துப்போயிரும். நைலான் வந்தப்பறந்தான் நாங்க ராத்திரி தூங்கறோம்."

நாம் 'மாசு' என்று சொல்லும் அதே பொருள் அவருக்கு ஓய்வு. இயற்கைக்குத் திரும்பச் சொல்பவர்கள் இதை எளிதாக மறந்துவிடுகிறார்கள். நார்வேயில் மட்கும் பிளாஸ்டிக் செவுள்வலைகளைச் சோதித்தபோது அவை நைலானைவிடக் குறைவாகவே மீன் பிடித்தன. அந்தக் குறைவு மீனவர் தலையில்தான் விழும். ஞாயிற்றுக்கிழமை உக்கடம் மார்க்கெட்டில் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கும் நம் தலையில் விழாது.

காகிதத்தைப் பற்றி எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு, அதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. இதே மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில், சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை மரக்கூழிலிருந்து ரேயான் இழை செய்தது. மண்ணில் போட்டால் மட்கும் இழைதான். ஆனால் ஆலைக் கழிவு பவானியில் இறங்கியது, பவானிசாகர் அணையில் மீன்கள் செத்தன, விவசாயிகளும் மீனவர்களும் போராடினார்கள், கடைசியில் ஆலை மூடப்பட்டது. 'மட்கும்' என்ற சொல் ஒரு பொருளின் சாவைப் பற்றி மட்டும் பேசுகிறது. அது எங்கே, எந்த ஆற்றின் செலவில் பிறந்தது என்று சொல்வதில்லை. காகித நூல் கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கூழாலையின் கழிவுநீர் எங்கே போகிறது என்பதைத்தான்.

வலை முழுவதும் அழுகித்தான் ஆக வேண்டுமா என்ன? அலாஸ்காவில் நண்டுக்கூண்டின் ஒரு திறப்பைப் பருத்தி நூலால் தைத்திருக்க வேண்டும் என்பது விதி. கூண்டு தொலைந்தால் நூல் இற்றுப்போய் வழி திறக்கும், நண்டு வெளியேறும். கூண்டின் மற்ற பாகம் இரும்பாகவே இருக்கலாம். நம் வலையிலும் மிதவையைக் கட்டும் நூலை மட்டும் காகிதத்தில் முறுக்கலாமே? தொலைந்த வலையில் மிதவைகள் கழன்றால் வலை சுருண்டு அடியில் படியும், பிடிப்பது பெருமளவு குறையும். நைலான் சேற்றில் கிடக்கத்தான் செய்யும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மீனவருக்கு நட்டம் கொஞ்சம் நூலும் அதை அவ்வப்போது மாற்றிக் கட்டும் வேலையும்தான்.

பெரியவரிடம் இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "மெதவக் கவுறு மட்டும்னா செரி. எத்தன நாள் தாங்கும்? நூலுக்குக் காசு ஆரு குடுப்பாங்க?"