பட்டறையில் எழுந்த கேள்வி

எங்கள் கிணற்று மோட்டாரின் ஷாப்ட் வளைந்துவிட, ஒலக்கூரிலிருந்து திண்டிவனத்திலுள்ள லேத் பட்டறை ஒன்றுக்குக் கொண்டு சென்றேன். பல்லாண்டு நெருப்பில் கிடந்து கோணிப்போன வெந்நீரடுப்பின் இரும்புத் தட்டியையும் உடன் எடுத்துச் சென்றேன்.

பட்டறைக்காரர் ஷாப்டை இரு தாங்கிகளின்மேல் வைத்து, மேடான பகுதியை ஹைட்ராலிக் பிரஸ்ஸால் அழுத்தினார். நேர்நிலையையும் கடந்து எதிர்ப்புறம் சற்றே வளையும்வரை அழுத்தினார். விட்டதும் எஃகு சிறிது பின்வாங்கி நேராக நின்றது. தட்டியை அவர் உடனே பிரஸ்ஸில் வைக்கவில்லை. அதன் ஓரத்தைச் சாணைச் சக்கரத்தில் தொட்டுப் பார்த்தார். குட்டையான செந்நிறப் பொறிகள் பறந்தன. "இது வார்ப்பிரும்பு, பெண்டு எடுத்தால் உடைந்துவிடும் அம்மா" என்று திருப்பித் தந்துவிட்டார்.

வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் கரி உண்டு. சாதாரண வகையில் அக்கரி கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து, உலோகத்தினுள் நுண்பிளவுகள் போலக் கிடக்கிறது. அழுத்தினால் எஃகைப் போல் வளைந்து எச்சரிக்கை தராது. செதிலோரத்தில் விரிசல் தொடங்கிச் சட்டென முறிந்துவிடும். நொறுங்கும் வார்ப்பிரும்பை இளக்கும் வழியைப் பிரெஞ்சு அறிஞர் ரியோமூர் 1722இல் நூலாக வெளியிட்டார். வெள்ளை வார்ப்பிரும்பை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நாட்கணக்கில் வைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். பிரஸ்ஸுக்கோ சில நொடிகள் போதும்!

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில், கணக்கைப் பார்த்தெழுதிய சிறுவன் ஒருவனை வகுப்பின் முன் நிறுத்திப் பிரம்பால் அடித்தேன். மற்றப் பிள்ளைகள் அழுவர், மறுநாள் மறந்து சிரிப்பர். அவன் அழவில்லை. மறுநாள் பள்ளிக்கும் வரவில்லை. பிறகு வரவே இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இத்தகைய தண்டனையைத் தடை செய்துள்ளது. அன்று என்னைத் தடுப்பார் இலர்.

வழுவினோரை நிலைநிறுத்தும் ஸ்திதிகரணம் நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றல்லவா, அதைத்தானே செய்தேன் என்று நெடுங்காலம் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால், இம்சைக்கு இலக்கணம் கூறும் தத்துவார்த்த சூத்திரம் பிரமாதத்தையே, அதாவது கருத்தின்றி நடத்தலையே, முன்வைக்கிறது. நல்லெண்ணம் இருந்தது என்பதால் கருத்தின்மை நீங்கிவிடுமா? பட்டறைக்காரர் ஒரு தட்டிக்குச் செய்த சோதனையை நான் ஒரு குழந்தைக்குச் செய்யவில்லை.

அவன் வீடு பள்ளிக்கு அடுத்த தெருவில்தான் இருந்தது. அவனை அழைத்துவர நான் ஒருநாளும் போகவில்லை.