ஸ்கேனில் தெரியும் ஒற்றைப் புள்ளி

நல்ல உடல்நலத்தோடு இருந்த ஒருவருக்குத் திடீரென்று ஒரு கை வெட்டி இழுக்கிறது. சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. ஸ்கேன் எடுத்தால் மூளையின் மேற்பரப்பை ஒட்டி ஒரு சின்ன வெள்ளை வளையம், அதைச் சுற்றி வீக்கம். சி.டி. ஸ்கேன் இந்தியாவில் பரவத் தொடங்கிய 1980களில் இதைக் காசநோய்க் கட்டி என்றே பெரும்பாலும் கருதினார்கள். டி.பி. மலிந்த நாட்டில் அப்படி நினைப்பது இயல்பு. டி.பி. மருந்து கொடுத்தார்கள், சில மாதங்களில் வளையம் மறைந்தது. ஆனால் வலிப்பு மருந்து மட்டுமே சாப்பிட்டவர்களிடமும் அது மறைந்தது!

இந்தப் புதிரை விடுவித்ததில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பெரும் பங்கு உண்டு. மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் உள்ளிட்ட நரம்பு அறுவை மருத்துவர்கள் இத்தகைய புள்ளிகளை வெட்டியெடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். உள்ளே இருந்தது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டி. 1989இல் லான்செட் மருத்துவ இதழில் அந்த முடிவு வெளியானது.

"நாங்கள் சுத்த சைவமாயிற்றே!" என்று குடும்பத்தார் பதறுவது இந்த இடத்தில்தான். இந்தக் கட்டியுள்ள பன்றிக்கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். சில மீட்டர் நீளம்கூடப் போகும். மூளைக் கட்டி வருவது வேறு வழியில். குடலில் புழு உள்ளவரின் மலத்தோடு முட்டைகள் வெளியேறுகின்றன. கழுவாத கை, அசுத்தமான தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக அந்த முட்டையை விழுங்குபவருக்கே கட்டி வரும். முட்டைக்கோஸில் நெளியும் புழு மூளைக்குப் போகும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்தப் பச்சைப் புழுவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பே இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் பன்றிக்கறியைத் தொடாத யூதக் குடும்பங்களுக்கு இந்நோய் வந்ததை 1992இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். வீட்டுவேலை செய்தவர்களைச் சோதித்தபோது ஒருவரின் குடலில் நாடாப்புழு இருந்தது.

விழுங்கிய முட்டையிலிருந்து வெளிவரும் கரு, குடற்சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலந்து மூளையில் தங்குகிறது. உயிருள்ள கட்டி, உடலின் எதிர்ப்பாற்றலுக்குப் பிடிகொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் சத்தமின்றி இருக்கும். இந்தியாவில் பணியாற்றி ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் சிலருக்கு முதல் வலிப்பு வரவே பல ஆண்டுகள் ஆயின. புழு சாகத் தொடங்கியதும் உடல் அதை அடையாளம் கண்டு தாக்குகிறது; வீக்கம் எழுகிறது, வலிப்பு வருகிறது. ஆக, பெரும்பாலும் நோயாளி மருத்துவரிடம் வரும்போது புழு மரணத் தறுவாயில் இருக்கிறது. தானே மறைந்த வளையங்களின் ரகசியம் இதுதான்.

படத்தைப் படிப்பதென்பது புழு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டறிவதுதான். தெளிந்த நீர்ப்பைக்குள் ஒரு புள்ளி தெரிந்தால் அது புழுவின் தலை, புழு உயிரோடிருக்கிறது. அந்தத் தலையைக் காட்டுவதில் எம்.ஆர்.ஐ. கெட்டி. புழு செத்துச் சுண்ணாம்பாக இறுகிய தழும்பை சி.டி.யே நன்றாகக் காட்டும். நடுவில் உள்ள வளைய நிலையில்தான் டி.பி.யோடு குழப்பம் வருகிறது. 20 மில்லிமீட்டருக்குள் அடங்கிய, ஓரம் சீரான, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாத வளையம் என்றால் நாடாப்புழு என்ற எண்ணம் வலுக்கும். அதைவிடப் பெரிதாக, கரடுமுரடாக இருந்தால் டி.பி.யை நினைக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை கட்டிகள் பல இருந்தால் நன்றாகப் பிடிக்கும். ஒற்றைக் கட்டியைப் பல நேரங்களில் தவறவிடும். 'நெகட்டிவ்' என்ற தாளை மட்டும் நம்பி நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே, புழு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியாமல், பூச்சி மாத்திரைதானே என்று கடையில் வாங்கி விழுங்குவது ஆபத்து. உயிருள்ள கட்டிகள் பலவும் ஒரே நேரத்தில் செத்தால் மூளை வீங்கும். புழுவைக் கொல்லும் ஆல்பெண்டசோலோடு ஸ்டீராய்டும் தருவது அதற்காகத்தான். கண்ணுக்குள் கட்டி இருந்தால் அந்த வீக்கம் பார்வையையே பறிக்கக்கூடும் என்பதால் முன்னதாகக் கண் பரிசோதனையும் தேவை. இறுகிய தழும்புக்குப் புழு மருந்தே வேண்டாம். வலிப்பு மருந்து போதும்.

நோயாளிக்கு மாத்திரை எழுதியபின் இன்னொரு வேலை மிச்சமிருக்கிறது: முட்டை யாரிடமிருந்து வந்தது? குடலில் புழுவைச் சுமப்பவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. நோயாளியோடு, வீட்டில் இருப்பவர்களும் சமைப்பவர்களும் மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். புழு இருந்தால், குடலைத் தாண்டி ரத்தத்தில் அதிகம் கலக்காத நிக்லோசமைடு ஒரே வேளையில் அதை வெளியேற்றிவிடும்.